சப்பாத்தை வெளியே கழற்றவும்!

ட்ரிங்... ட்ரிங்...

சுகந்தினி போனை எடுத்தாள்.

"மேடம்... ஒருத்திய கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கு."

ஆண் குரல். மூச்சு வாங்கியது.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் கவுன்சலிங் அறை நடத்துகிறவளுக்குப் பயந்த குரல்கள் புதிதில்லை. பரீட்சைப் பயம், மாமியார் பயம், சிங்கப்பூர் போகும் காஸ்வே பாலத்து நெரிசலில் நெஞ்சை அடைக்கும் பயம்... எல்லாம் கேட்டிருக்கிறாள். கொலைப் பயம் இதுதான் முதல் தடவை.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"உங்க படிக்கு கீழதான் நிக்கறேன்."

சுகந்தினி முன்னறைக் கதவைப் பார்த்தாள்.

கடைவீட்டின் இரண்டாம் மாடி. முன்னறையில் உட்காரும் லோஷினி லீவு. நாலு மணிக்குத் தேன்மொழி கவுன்சலிங்குக்கு வருவாள். அதுவரை தனி ஆள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கொன்றுவிடுவோமோ என்று பயந்து வருகிறவனைத் துரத்தி, அவன் நேரே போய்க் கொன்று தொலைத்தால்?

"மேல வாங்க" என்றாள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அவளை டாக்டராக்கப் பார்த்தார். ஊரார் கதை கேட்கத்தான் போவேன் என்று அடம்பிடித்து இதைப் படித்தாள். வேலியில் போன ஓணானை அவளே எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். அனுபவிக்கட்டும்!

அவன் வந்தான்.

நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பளபளக்கும் வாட்ச். கதவில் ஒட்டியிருந்த 'சப்பாத்தை வெளியே கழற்றவும்' அறிவிப்பைப் படித்தான். கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, சுவரோரமாக ஒட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தான். ஒழுங்கான ஆள்தான் என்று சுகந்தினிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பைத்தியக்காரி.

"பேரு செல்வா. சிங்கப்பூர்ல வேலை."

உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அது சுகந்தினியின் நாற்காலி. கவுன்சலர் எப்போதும் கதவுப் பக்கம் உட்கார வேண்டும். இது முதல் வகுப்புப் பாடம். காலையிலிருந்து ஏர்கான் அந்த நாற்காலி மேல் சொட்டிக்கொண்டிருந்ததால் அவள் ஜன்னல் பக்கம் மாறியிருந்தாள். இப்போது சொட்டு நின்றுவிட்டது. வெளியே போக வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீங்க இங்க பேசறது எதுவும் வெளிய போகாது. ஆனா ஒரு உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும்..."

"ஓகே லா, ஓகே." அவன் கண் அறையைச் சுற்றி வந்தது. "என் பொண்டாட்டி வீட்ட விட்டுப் போயிட்டா. அஞ்சு மாசமாச்சு."

"ம்."

"எல்லாம் செஞ்சேன் மேடம். வீடு, காடி, எல்லாம் வாங்கிக் குடுத்தேன்."

"இவ்வளவு செஞ்சும் போயிட்டாங்களேன்னு இருக்கு."

"ஆமா." அவன் முன்னால் நகர்ந்தான். "இந்த மாதிரி பொம்பளைங்க எங்க போய் ஒளிஞ்சுப்பாங்க? உங்களுக்குத் தெரியும்ல?"

சுகந்தினி பதில் சொல்லவில்லை. கேள்வி வந்ததும் பதிலுக்குப் பாயாதே... பேசாமல் இரு, உள்ளே இருப்பது தானாக வரும். அதுவும் பாடம்தான்.

வந்தது.

அவன் வாட்சைக் கழற்றினான். துடைத்தான். சட்டைப் பையில் போட்டான்.

சுகந்தினி அந்தப் பையையே பார்த்தாள்.

'அடிக்கறதுக்கு முன்னாடி வாட்ச கழட்டி சட்டைப் பையில வைப்பாரு மேடம். கண்ணாடி ஒடஞ்சிடுமாம்.'

தேன்மொழி சொன்னது. இதே அறையில்.

இவன் செல்வா இல்லை... அர்ச்சுனன். தேன்மொழியின் புருஷன்!

தேன்மொழி தங்காக் என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடைக்கு மேலேயே படுக்கை. அந்த இடம் தெரிந்தவர்களில் சுகந்தினியும் ஒருத்தி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேன்மொழி பஸ் பிடித்து வருவாள். வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்வி.

'நான் என்ன செய்யணும், சொல்லுங்க மேடம்.'

சுகந்தினியும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

'நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?'

முடிவை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தேன்மொழிக்கு அது பிடிக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. இவனை அனுப்பினால் படியில் அவளைப் பார்ப்பான். இருக்கவிட்டால் அவளே கதவைத் தட்டுவாள். கைப்பேசியோ முன்னறையில் கிடந்தது.

"போன மாசம் அவ இந்தப் படியில ஏறுறத என் கூட்டாளி பாத்தான்" என்றான் அர்ச்சுனன். "அன்னிக்கும் வெள்ளிக்கிழமை. எத்தன மணிக்கு வருவா?"

"இங்க யார் வராங்கன்னு நான் யாருக்கும் சொல்ல முடியாது."

"எனக்குச் சொல்லலாம். நான் புருஷன்."

"யாருக்கும்."

தன் குரல்தானா அது? நாற்காலியில் கிடந்த குட்டித் தலையணையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப கோபமா இருக்கீங்க."

"கோபம் இல்ல." அவன் உதடு துடித்தது. "மானம் போச்சு மேடம். கோயில்ல, கல்யாணத்துல, எங்க போனாலும் எங்க உங்க வைஃப்னு கேக்கறான்."

"நாலு பேருக்கு முன்னாடி தலை குனிஞ்ச மாதிரி."

"ஆமா!" அவன் கண் கலங்கியது. "நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சுக்கறீங்க. அதான் சொல்றேன். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில பாராங் கத்தி வெச்சிருக்கேன். நேத்துதான் தீட்டினேன்."

அவனுக்காக ஒரு நொடி இரங்கிய மனது அப்படியே உறைந்து போனது.

டக்... டக்... டக்...

படியில் காலடிச் சத்தம்!

இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள்.

சத்தம் முன்னறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சுகந்தினி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். மெல்ல மேல் மாடிக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கி, கீழே போய்த் தேய்ந்தது.

"யாரு?"

"மேல டியூஷன் சென்டர்... பிள்ளைங்க."

அவன் நம்பினானா? தெரியவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு முழங்கால் இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்தான்.

"அவங்க இப்ப வந்தா... முதல்ல என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள் சுகந்தினி. அவனைப் பேசவைக்க வேண்டும். பேசுகிற வரைக்கும் கை ஓங்காது.

வாயைத் திறந்தான். மூடினான். ஐந்து மாதமாகத் தேடுகிறான், இதை மட்டும் அவன் யோசித்ததே இல்லை!

சுகந்தினி கதவைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஏர்கான் திரும்பச் சொட்டியது. அவன் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்து, விட்டு, மறுபடி ஆரம்பித்தான். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியாது.

கடைசியில் எழுந்தான்.

"பேசிப் பிரயோஜனமில்ல. கீழ நிக்கறேன். வந்துதான ஆகணும்."

விடுவிடுவென்று வெளியே போய் முன்னறைக் கதவைத் திறந்தான்.

குனிந்தான்.

"என் சப்பாத்து எங்க?"

சுவரோரம் காலி. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வெறுங்காலோடு படியில் ஒரு காலை வைத்தவன், தரையின் அழுக்கைப் பார்த்துக் காலை எடுத்துக்கொண்டான்.

"என்சிக், மாரி சினி"... ஐயா, இங்கே வாங்க என்று மலாயில் கூப்பிட்டபடி கீழிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி வந்தார்கள்.

அர்ச்சுனன் சுகந்தினியைத் திரும்பிப் பார்த்தான். "இங்க பேசறது வெளிய போகாதுன்னு சொன்னீங்க!"

"அதுக்கு அடுத்த வரிய நீங்க கேக்கல" என்றாள். மோட்டார் சீட்டுக்கு அடியில் இருப்பதைப் போலீஸிடம் சொன்னாள்.

அவனை வெறுங்காலோடுதான் கூட்டிப் போனார்கள்.

கீழ்க்கடையிலிருந்து தேன்மொழி மெதுவாக ஏறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பஸ் சீக்கிரம் வந்துடுச்சு மேடம். வாசல்ல பாத்தா அவரு சப்பாத்து. ஏழு வருஷம் தொடைச்ச சப்பாத்து, எனக்குத் தெரியாதா? ஓடிடலாம்னுதான் இருந்துச்சு. ஆனா உள்ள நீங்க மாட்டிக்கிட்டீங்க. உங்கள கேக்கலாம்னா கதவு சாத்தியிருக்கு. சரின்னு நானே யோசிச்சேன். சப்பாத்த மேல் மாடியில ஒளிச்சு வெச்சிட்டு, கீழ போய் போலீஸுக்கு போன் அடிச்சேன். கிட்டவே வரக்கூடாதுன்னு கோர்ட்ல குடுத்த ஆர்டரையும் காட்டினேன்."

"சப்பாத்த எதுக்கு...?"

"வெறுங்கால்ல அவரு ஓட மாட்டாரு. கால் அழுக்காயிடும்."

சுகந்தினி சிரிக்கப் பார்த்தாள். அழுகை வந்தது. இவ்வளவு நேரம் எங்கோ ஒளிந்திருந்த நடுக்கம் இப்போது உடம்பெல்லாம் பரவியது. ஜன்னல் பக்க நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். தேன்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதவோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கை கால் ஓடல தேன்மொழி. இப்ப நான் என்ன செய்யறது?"

தேன்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வெள்ளிக்கிழமை இதற்காகக் காத்திருந்தவள் மாதிரி தொண்டையைச் செருமினாள்.

"நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க மேடம்?"