காலியாக இருந்த கல்யாண உறை

ஜோசஃபின் உட்காரக்கூட இல்லை. "நாளைக்கு என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸோட வருஷ பூசை சார். முடிஞ்சதும் எல்லாரும் அவர் பாட்டைக் கேக்கணும். அவர் பாடினதைப் பதிஞ்ச டிஸ்க்கைக் காணோம். எடுத்தது நாத்தனார் குளோரியாதான். ரெண்டு தடவை அவ கேட்டா, நான் தரல."

துப்பறியும் முனிகிருஷ்ணன் நிதானமாகக் காபியை ஆற்றினார். உதவியாளர் வீணாவுக்கு அந்த நிதானம்தான் ஆகாது. ஸ்கூட்டர் சாவி அவள் விரலில் சுழன்றுகொண்டே இருந்தது.

ஜீவனஹள்ளியில் ஜோசஃபின் வீட்டு டிவிடிகள் எல்லாம் புது ஹார்ட் டிஸ்க்கில் ஏறியிருந்தன. டிவியில் 'ஆம்ப்ரோஸ் பாட்டு' என்பதை வீணா தட்டினாள். மகள் கேரலின் புதுநன்மை விழா, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள், ஓடியது. புதுநன்மையைத் தட்டினால் கிரகப்பிரவேசம். அதைத் தட்டினால் ஜோசஃபினின் கல்யாணம்.

ஏற்றிக் கொடுத்த ஜாய்சன் போனில் அலுத்துக்கொண்டான். "உறை மேல என்ன பேரோ அதைப் போட்டேன் மேடம். கல்யாண உறை காலி."

"குழப்பறதுக்காகவே மாத்தி வச்சிருக்கா!" என்றாள் வீணா.

"திருடறவ ஒண்ணை எடுத்துட்டுப் போயிருப்பா. மூணை எதுக்கு மாத்தணும்?" முனிகிருஷ்ணன் திரும்பினார். "அம்மா, ஒரு டிஸ்க் ஓடி முடிஞ்சுது. அடுத்ததைப் போடறப்போ, பழசை எதுல வைப்பீங்க?"

"கையில திறந்த உறை இருக்கே, அதுலதான். எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்."

"அப்போ முதல்ல பார்த்தது கல்யாணம், அதான் அந்த உறை காலி. கடைசியா பார்த்தது பாட்டு. அதை வெளிய எடுக்கவே இல்ல. பிளேயர் எங்கே?"

"இனிமே எதுக்குன்னு காலையில பழைய சாமான் வாங்கற குஜரிக்காரனுக்குப் போட்டுட்டேனே!"

வீணா அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

பழைய சாமான் கடையில் அவள் பிளேயர் மேல் பாய்வதற்குள் முனிகிருஷ்ணன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அவசரம் தெரிஞ்சா விலை ஏறும்." உடைந்த இஸ்திரிப் பெட்டிக்கு அவர் ஆற அமரப் பேரம் பேச, வீணா நகங்களைக் கடித்தே தீர்த்தாள். கடைசியில் பிளேயர் கொசுறாக வந்தது.

வீடு திரும்பியதும் முனிகிருஷ்ணன் கீழ்வீட்டு குளோரியாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிளக்கைச் செருகினார். தட்டு நீண்டது. அதில் 'ஆம்ப்ரோஸ் பாட்டு' டிஸ்க்.

ஜோசஃபின் முகம் சுருங்கியது. "அவர் போனதுலேர்ந்து நான் இதைத் தொட்டதே இல்ல. யார் போட்டா?"

குளோரியா தலை குனிந்தாள். "நீங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனப்போ... சாவிதான் என்கிட்ட இருக்கே அண்ணி. கல்யாணத்துலேர்ந்து வரிசையா அண்ணனைப் பார்த்தேன். நீங்க வர்ற சத்தம் கேட்டுது, ஓடிட்டேன்."

ஜோசஃபின் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சவுண்டைக் குறைச்சு வச்சுத்தானே கேட்டிருப்ப?"

"ஆமா."

"அவர் பாட்டை அப்படியாடி கேக்கறது? தள்ளி உட்காரு."

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். வீணாவின் விரலில் சாவி நின்றது.