கைராசிக்காரியின் இடது கை

"இந்தக் கையை எடுத்துட்டுப் போயிடுங்கம்மா," என்றார் படுக்கையிலிருந்த தையற்காரர், தன் இடது கையையே வலது கையால் தள்ளியபடி.

டாக்டரம்மாவுக்கு இது புதிதல்ல. மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலர், விளங்காமல் போன இடது கையை அடுத்தவருடையது என்றே சாதிப்பார்கள்.

"அப்ப இது யாரோட கை?"

"யாரோ ஒரு அம்மாவோடது. நீலக்கல் மோதிரம், கட்டைவிரல்ல தீக்காயம். பாருங்க."

அவர் விரல்களில் மோதிரமும் இல்லை, காயமும் இல்லை. நேற்றுதான் ஊருக்கே புதிதாக வந்தவர். அவர் சொன்ன மோதிரமும் காயமும் செத்துப்போன கைராசிக்காரியுடையவை; அவளை அவர் பார்த்திருக்க வழியே இல்லை.

கைராசிக்காரி டாக்டரம்மாவோடு படித்தவள், அடுத்த அறையில் இருந்த நரம்பியல் மருத்துவர். முதல் மதிப்பெண் இவளுக்கு, கூட்டமெல்லாம் அவளுக்கு. "அந்தம்மா தொட்டாலே பாதி நோய் போயிடும்" என்று வராந்தாவில் யாராவது சொல்லும்போதெல்லாம், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி இவள் வயிறெரிந்து உட்கார்ந்திருப்பாள். அந்த ராசியான கை தனக்கு வாய்க்கக்கூடாதா என்று ஏங்காத நாளில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, கிராம்பை மென்றுகொண்டே அவள் வந்தாள். "என் இடது கையைக் கொஞ்சம் பாரேன்டி. டம்ளர் நழுவுது. கண்ணை மூடிக்கிட்டு என்னை நானே எப்படிப் பார்க்கிறது?"

இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்களை மூடச் சொன்னாள் இவள். வலது கை அசையாமல் நின்றது. இடது கை மெல்ல உட்புறம் திரும்பிக் கீழே இறங்கியது. அன்றே ஸ்கேன் எடுக்கவேண்டிய அறிகுறி. மூடிய கண்களுக்கு அது தெரியவில்லை.

"ஒண்ணுமில்லடி. தூக்கம் போதல."

அவள் நம்பிப் போனாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாவு வீட்டில் இவள் விட்ட கண்ணீர் நிஜம், உள்ளுக்குள் பரவிய நிம்மதியும் நிஜம்.

தையற்காரரை விட்டுப் பெண்கள் வார்டுக்குப் போனாள் டாக்டரம்மா. பேச்சுக் குழறிய டீச்சர் ஒருத்தி தன் இடது கையைக் காட்டி, "நீலக்கல்லு மோதிரம் போட்டவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

அறைக்குத் திரும்பியபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி கரகரத்தது, கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டியது, ஸ்பிரிட் வாடைக்கு நடுவே வேறேதோ ஒரு வாசனை கசிந்தது. தேநீர்க் குவளையை இடது கையால் எடுத்தாள். நழுவி உடைந்தது.

நின்றாள். இரு கைகளையும் நீட்டினாள். கண்களை மூடினாள்.

இரண்டும் நேராகத்தான் இருந்தன. அப்படித்தான் தோன்றியது.

குழாய்ச் சொட்டு நின்றது.

கிராம்பு வாசனை. காதருகே.

"ஒண்ணுமில்லடி. தூக்கம் போதல."

கண் திறந்தாள். யாருமில்லை. வலது கை நீட்டியபடி இருந்தது. இடது கை உள்ளே திரும்பி, இடுப்பருகே இறங்கியிருந்தது.

விரலில் நீலக்கல். கட்டைவிரலில் தீக்காயம்.

கதவு திறந்தது. தலைவலிக்காரி ஒருத்தி தயங்கி உள்ளே வந்தாள். இவள் நினைக்கும் முன்பே அந்தக் கை எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டது.

"அம்மாடி! தொட்டதுமே விட்டுப்போச்சே. என்ன கைராசிம்மா உங்களுக்கு!"

அவளுக்குப் பின்னால் வராந்தா நிறையக் கூட்டம். மேலும் மேலும் வந்துகொண்டிருந்தார்கள். கை ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுக்கொண்டே போனது. டாக்டரம்மா மேசைக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால், உடைந்த குவளைச் சில்லுகளுக்கு நடுவே, தன் கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.