எனக்க கை

கால்பந்து வீடியோகேம் கன்ட்ரோலரை ஷைனி மூன்றாவது முறையாகச் செருகினாள். கணினி கருவியைக் கண்டுகொண்டது. கையைக் கண்டுகொள்ளவில்லை.

'இது ஷைனியின் கை அல்ல. இன்னும் ஒரு வாய்ப்பு.'

"தொடச்சிட்டு வை. வேர்த்திருக்கும்" என்றான் ஸ்டெர்லின். அவளுடைய ஆட்டக் கூட்டாளி. ஆட்டக்காரர் உட்காரும் கூண்டின் வாசலில் சாய்ந்து நின்றான்.

"மூணு தடவ தொடச்சாச்சு. நீ என்னலே செஞ்ச?"

அவன் திரும்பி நடைவழியைப் பார்த்தான்.

ஆள்மாறாட்டத்தை ஒழிக்க வந்தது கையறி என்ற மென்பொருள். கட்டைவிரல் எங்கே தயங்குகிறது, எதை ஓங்கி அழுத்துகிறது, எப்போது நடுங்குகிறது என்று பார்த்து ஆளைச் சொல்லிவிடும். கைகள் நாளாக நாளாக மாறும் என்பதால் ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். அது வந்தபின் போட்டிகளில் யாரும் முகம் பார்ப்பதில்லை.

நாகர்கோவில் ஆட்டக்காரர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதை 'கை காக்கிறது' என்பார்கள். ஒருவர் படுத்துவிட்டால் கூட்டாளி அவரைப்போலவே ஆடி இடத்தைக் காப்பாற்ற வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது, ஷைனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, நல்ல கையால் ஸ்டெர்லினின் முழங்கையில் தட்டித்தட்டித் தன் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஆறு மாதத்தில் அவன் அவள் பெயரை இறுதி ஆட்டம்வரை கொண்டுவந்துவிட்டான். ஜெயித்தால் தேசிய அணியில் இடம்.

"எனக்க மாதிரியே ஆடுன்னுதானே சொன்னேன்?"

"ஆடுனேன். மொத மாசம்."

"பெறகு?"

"உனக்க மாதிரி ஆடுனா நான் தோக்கத்தான் செய்வேன், பிள்ளே. தெனம் ஒரு மயிரிழை எனக்க பக்கம் நகத்துனேன். கையறியும் கூடவே வந்துச்சு."

"ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ திரும்பி வருவேன்னு நான் நெனைக்கல்ல."

ஒலிபெருக்கியில் அவள் பெயரை அழைத்தார்கள்.

"நான் ஆடித் தந்துருகேன், ஷைனி. உனக்க பேருலதானே?"

"எனக்க பேருல. அணிக்குப் போறது யாரு, நீயா?"

அவள் கதவைச் சாத்தினாள்.

கன்ட்ரோலரை மடியில் வைத்து யோசித்தாள். ஸ்டெர்லின் எப்படி ஆடுவான் என்று அவளுக்குத் தெரியும். நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவசரக்காரன். பந்து வருமுன்பே இடது விரல் முந்தும். எதையும் இரண்டு தடவை அழுத்துவான். அந்தக் கையை அப்படியே தன் கையில் எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான்களை அவனைப்போல அழுத்தினாள்.

'வணக்கம், ஷைனி.'

திரைக் கால்பந்தை எண்பத்தெட்டாவது நிமிடம்வரை அவனாகவே ஆடினாள். அவன் செய்யும் தவறுகளைக்கூட விடாமல் செய்தாள். இரண்டுக்கு இரண்டு. எண்பத்தொன்பதாவது நிமிடம் பெனால்டி கிடைத்தது.

ஸ்டெர்லின் என்றால் உடனே வலப்பக்கம் அடித்திருப்பான். எதிர் ஆட்டக்காரர் அதைப் படித்து வந்திருந்தார். கோல்காப்பாளரை வலப்பக்கம் சாய்த்து வைத்திருந்தார். அவசரமாக அடித்தால் காப்பாளர் கையில்தான் போய் விழும்.

ஷைனியின் கட்டைவிரல் நின்றது. அரை மூச்சு. ஆறு மாதம் மாவுக்கட்டும் ஓய்வுமாகக் கிடந்தும் அது நிற்க மறக்கவில்லை. காப்பாளர் பாய்ந்தார். அவர் விழுந்து முடிந்த பிறகு, பந்தை இடது மூலையில் மெல்ல உருட்டிவிட்டாள்.

வெளியே அரங்கம் எழுந்து கத்தியது.

கன்ட்ரோலரின் விளக்கு அணைந்தது. திரையில் கோல் அழிந்து, எழுத்துகள் வந்தன.

'ஷைனி, உங்கள் பெயரில் வேறொருவர் ஆட முயன்றார். தடுத்துவிட்டோம். பெனால்டி மீண்டும் அடிக்கப்படும். இரண்டு நிமிடத்துக்குள் வந்து கை வையுங்கள்.'

நடுவர் கதவைத் திறந்தார். அவளை வெளியே வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு நடைவழியைப் பார்த்துக் கேட்டார்:

"இதுல ஷைனி யாருங்க?"

அங்கே நின்ற ஸ்டெர்லின் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.