தூக்குவாளியில் ஆல்ப்ஸ்

ஆல்ப்ஸ் மலையைத் தூக்குவாளியில் போட்டு, மூடியை இறுக்கி, ஒற்றைக் கையில் தொங்கவிட்டபடி இறங்கி வந்த ஒரே மனிதர் பாளையங்கோட்டை மகிழ்வண்ணன்தான். "மூடிமேல ஒரு ரப்பர் பேண்டும் போட்டேன் வே. இல்லைன்னா இத்தாலிப் பக்கம் வழிஞ்சிருக்கும்" என்பார்.

இதை அவர் சொல்வது பல் துலக்கியதும், அதாவது பொழுது சாய்ந்ததும். இப்போதெல்லாம் திருநெல்வேலியில் வெயிலுக்குப் பயந்து விடிந்தால் உறங்குவார்கள், இருட்டினால் எழுந்திருப்பார்கள். பகலில் முற்றத்தில் அப்பளம் வைத்தால் தானே பொரிந்துவிடும். வைக்கப் போன ஆளும்தான்.

தெரு சிரிக்கும். யாரும் நம்பியதில்லை; நம்ப வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. உலகம்மாள் மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் அவருடைய மனைவி. ஊருக்கு எது கதையோ, அவளுக்கு அது தீராத வழக்கு. மகிழ்வண்ணனும் ஊரைப் பார்த்துச் சொல்வதுபோல் அவளைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஆயுளில் ஒருமுறைதான் வானூர்தி ஏறலாம் என்று சட்டம். அதற்குப் 'பறப்புரிமை' என்று பெயர். உலகம்மாள் அதைக் கல்யாணத்துக்குச் செலவழிக்கவில்லை, மகள் பிரசவத்துக்கும் செலவழிக்கவில்லை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. "பனிய ஒருக்கா கையில புடிச்சுப் பாக்கணும்" என்றது ஒன்றுதான் அவள் புருஷனிடம் கேட்டது.

அப்படித்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் ஆல்ப்ஸ் மலையடியிலுள்ள டிரோல் மாநிலத்துக்குச் சுற்றுலா போனார்கள். உலகம்மாளின் தங்கையும் தங்கை புருஷன் தங்கப்பழமும் கூட வந்தார்கள். இன்ஸ்புரூக் நகரத்துத் தங்கக் கூரையை ஒரு கொட்டாவி நேரத்தில் பார்த்து முடித்தார்கள். புல்வெளி காய்ந்து கோரைப்பாய் நிறத்தில் கிடந்தது. அதில் தலையில் பூ முடித்து, கழுத்தில் மணி கட்டிய பசுக்கள் மலையிறங்கி வந்தன. எல்லாம் இயந்திரப் பசு. ஒன்றின் மின்கலம் தீர்ந்து நடுவழியில் நிற்க, மற்றவை அதன்மேல் முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தன. மகிழ்வண்ணனுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

கடைசியாகப் பனிக்கூடம். ஐரோப்பாவில் மிஞ்சியிருந்த ஒரே பனியாற்றைக் கண்ணாடிக் கூண்டு கட்டிக் குளிரூட்டி வைத்திருந்தார்கள். நெல்லையப்பர் கோயில் நந்தி வளர்கிறது என்பார்களே, அதே அளவில் இது தேய்கிற நந்தி. மேலே போகப் படிக்கட்டுதான். இன்ஸ்புரூக்கின் கல் தெருக்களில் முட்டி வீங்கிப்போன உலகம்மாள் பேருந்திலேயே இருந்துவிட்டாள்.

"ஒரு கை பனி கொண்டாருங்க. அது போதும் எனக்கு."

மகிழ்வண்ணன் தயிர்சோறு தீர்ந்த தூக்குவாளியோடு படியேறினார்.

உள்ளே ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு தும்பி ரீங்கரித்தது. தும்பி என்பது சுண்டுவிரல் அளவுப் பறக்கும் படப்பெட்டி. முதலாளியின் முகத்தை விட்டு நகராது. மகிழ்வண்ணனிடம் மட்டும் தும்பி இல்லை. பெட்டியின் எடை வரம்பில் தும்பியா தூக்குவாளியா என்றபோது அவர் வாளியைத்தான் வைத்திருந்தார்.

"தும்பியின் சூடும் உங்கள் மூச்சும் பனியை உருக்கும், தள்ளி நில்லுங்கள்" என்றது வழிகாட்டி இயந்திரம். அடுத்த மூச்சில், "கடைசிப் பனியோடு கடைசிப் படம்! எல்லோரும் திரும்புங்கள், சிரியுங்கள்!" என்றது. பனியைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பியது. வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தது. தும்பிகள் முகங்களைப் பார்த்தன.

பனி சத்தமில்லாமல் சரிந்து சகதியாக உட்கார்ந்தது. பார்த்தவர் மகிழ்வண்ணன் ஒருவர்தான். ஓடிப்போய் மண்டியிட்டு, சகதிக்குள் கையை விட்டு, மிஞ்சியதை வாளியில் அள்ளினார்.

படியிறங்கி அவர் பேருந்துக்கு வந்தபோது வாளியில் தண்ணீர்தான் இருந்தது. ஒரு சோற்றுப் பருக்கை மிதந்தது. உலகம்மாள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"சில்லுன்னுகூட இல்ல. குழாயில புடிச்சீங்களா?"

"சத்தியமா பனி, உலகு! மொத்த மலையும் இதுக்குள்ளதான் இருக்கு!"

"வாயத் தொறந்தா மலை, சமுத்திரம். வேற என்ன வரும் உங்களுக்கு?"

சாப்பிட்ட தட்டை அந்தத் தண்ணீரில் அலசி ஜன்னல் வழியே ஊற்றினாள். ஆல்ப்ஸ் மலை தார்ச்சாலையில் ஓடிக் காய்ந்தது. கூண்டை நடத்தியவர்கள், பனி இயற்கையாக மறைந்தது, பார்த்தவர் எவருமில்லை என்று அறிவித்தார்கள். அதன்பிறகு உலகம்மாள் அவரோடு சண்டை போடவில்லை. அவரிடம் எதையும் கேட்கவும் இல்லை. அதுதான் அவரைத் தின்றது.

போன மாதம் தங்கப்பழத்துக்கு எழுபதாவது பிறந்தநாள். தும்பிகள் எடுத்துக் குவித்த படங்களை யாரும் திறந்து பார்த்ததில்லை. விருந்துக்காக முதல் தடவையாகத் தங்கப்பழம் தன்னுடையவற்றைச் சுவர் முழுக்க விரித்தார். எல்லாவற்றிலும் பூசணிக்காய் அளவில் அவர் சிரிப்பு.

"என் பல்லு எப்படி இருக்கு பாத்தீங்களா மதினி?"

உலகம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த பனிக்கூடத்துப் படத்தருகே போனாள்.

"தம்பி, ஒங்க மூஞ்சியக் கொஞ்சம் ஓரமா எடுங்க."

தங்கப்பழம் முணுமுணுத்துக்கொண்டே படத்தை நகர்த்தினார். அவர் காதுக்குப் பின்னால் ஒரு ஆள் மண்டியிட்டிருந்தார். முழங்கை வரை சகதி. கையில் தூக்குவாளி. சுற்றிலும் முதுகு முதுகாக ஜனம். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார். வாளி, மூடி, ரப்பர் பேண்டு என்று ஒன்று விடாமல் சொன்ன மகிழ்வண்ணன் அதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

"அட, நம்ம சகலை!" என்று தங்கப்பழம் கைதட்டினார். "எல்லாரும் வாங்க, இது முன்னால நின்னு ஒரு படம் புடிச்சுக்கிடுவோம். திரும்புங்க, திரும்புங்க!"

தும்பிகள் கிளம்பின. கூடம் மொத்தமும் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிச் சிரித்தது. சுவரைப் பார்த்தபடி நின்றவர்கள் இரண்டே பேர்.

உலகம்மாள் பக்கத்தில் நின்ற புருஷனின் கையைப் பிடித்தாள். அது சில்லென்று இருந்தது.

"நடந்தது நெசந்தாங்க" என்றாள். "அந்த மலையிலதான் நான் எச்சித் தட்டைக் கழுவியிருக்கேன்."