முஸ்கான் ஒட்டிய நட்சத்திரம்

வெள்ளைக் காருக்கும் முஸ்கானுக்கும் ஒரே வயது. பதினொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை முதன்முதலாக உத்திரமேரூர் வீட்டுக்குக் கூட்டி வந்ததே அந்தக் கார்தான். அன்றைக்கு அவளுடைய அத்தா மாட்டு வண்டியைவிட மெதுவாக ஓட்டினாராம். அம்மா ஹமீதா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காரைத்தான் இப்போது விற்கப் போகிறார்கள்.

"இன்னா பண்றது கண்ணு? முன்னெல்லாம் லிட்டருக்குப் பதினைஞ்சு கிலோமீட்டர் ஓடும். இப்ப பத்துதான். குடம் குடமா பெட்ரோல் குடிக்குது" என்றார் அத்தா ரஹமத்துல்லா.

அவருக்கும் மனசில்லைதான். வண்டியைக் கிளப்பி இஞ்சினை ஓடவிட்டுவிட்டு, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முஸ்கான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின் சீட்டில், ஒரு பெருநாளைக்கு அவள் கொட்டிய சேமியாவின் கறை இன்னும் இருந்தது. ஐயங்கார்குளத்துக்குப் போகும்போதெல்லாம் யார் முதலில் குளத்தைப் பார்ப்பது என்று அம்மாவோடு போட்டி போட்டது ஞாபகம் வந்தது.

மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெள்ளி நட்சத்திரம். நாலு வயதில் அவளே ஒட்டியது. அத்தா திட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

'இதையாவது நான் வைத்துக்கொள்கிறேன்' என்று எட்டி, நகத்தால் மெல்ல உரித்தாள்.

அடியில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

மற்ற விளக்குகள் எல்லாம் வண்டி கிளம்பியதுமே அணைந்திருந்தன. இஞ்சின் படம் போட்ட இது மட்டும் அணையவில்லை. ஏதோ கோளாறு என்று முஸ்கானுக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அதை மறைத்தது அவளுடைய நட்சத்திரம் அல்லவா? சட்டென்று பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டாள்.

அதற்குள் தெருவில் ஹாரன் சத்தம். காரை வாங்க வந்த வேதாசலம், தன் பழைய நீலக் காரிலிருந்து இறங்கினார். பெருநகர் என்ற கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர்.

"பாய்! மைலேஜ் இன்னா தருது?"

"பத்துதாண்ணே. பொய் சொல்ல மாட்டேன்."

"பத்தா? என் வண்டி எட்டுதான் தருது. அதுக்கு இது ராஜா!"

முஸ்கானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால் அத்தா திட்டுவார். சொல்லாவிட்டால், பாவம், வேதாசலம் மாமா கோளாறு உள்ள வண்டியை வாங்கிக்கொண்டு போவார்.

"மாமா! மொதல்ல இதைப் பாருங்க" என்று நட்சத்திரத்தை மறுபடியும் உரித்தாள். "நான்தான் ஒட்டினேன். தப்பு என்னோடதுதான்."

பெரியவர்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"நீ ஒட்டினப்ப சின்னக் கொழந்தை" என்றார் அத்தா. "ஏழு வருசமா அத எடுக்க மனசு வராம வெச்சிக்கினு இருந்தது நான்தானே!"

வேதாசலம் ஏதோ ஞாபகம் வந்தவராகத் தன் நீலக் காரிடம் போனார். முஸ்கானும் பின்னாலேயே ஓடினாள். அங்கே மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில், ஆயுத பூசைச் சந்தனம் காய்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது.

"என் வூட்டுக்காரி கனகா வருசா வருசம் பழசு மேலயே புதுசா வெப்பா. சாமிக்கு வெச்சதாச்சேன்னு நானும் சொரண்டாம வுட்டுட்டேன்" என்றபடி துண்டை நனைத்துத் துடைத்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

அங்கேயும் அதே மஞ்சள் விளக்கு!

வேதாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்களுக்கு நட்சத்திரம், எனக்குச் சந்தனம்! வாங்குறது விக்கிறது எல்லாம் அப்பால, பாய். மொதல்ல மெக்கானிக்காண்ட காட்டலாம்."

இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மெக்கானிக் கலைச்செல்வனின் ஷெட்டுக்குப் போயின. அவர் ஒரு சின்னக் கருவியை வெள்ளைக் காரில் செருகிப் பார்த்தார்.

"ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு பாய். அது புகைக்குழாய்ல கீது. புகைய மோப்பம் புடிச்சி, பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியான்னு இஞ்சினுக்குத் தகவல் சொல்லும். அது கெட்டா இஞ்சின் குத்துமதிப்பா ஊத்தும்."

"ஜலதோஷம் புடிச்சா எங்கம்மா வாசனை தெரியாம குருமால மசாலாவ அள்ளிப் போடுவாங்களே, அந்த மாதிரியா?" என்றாள் முஸ்கான்.

"அதே மாதிரிதான்!"

"அப்ப என் வண்டிக்கும் அதையே மாத்திடுப்பா" என்றார் வேதாசலம்.

கலைச்செல்வன் நீலக் காரையும் சோதித்தார். "ஒங்க சென்சார் நல்லாகீது. நல்லா இருக்கறத மாத்தினா ஒரு சொட்டு பெட்ரோல் கூட மிச்சமாவாது. அதுலேர்ந்து இஞ்சினுக்குப் போற ஒயர எலி கடிச்சிகீது. அத மாத்தினா போதும்."

"எலி நெல்லுதான் தின்னும்னு பாத்தா, காரையுமா தின்னும்!" என்று வேதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளைக் காருக்குப் புது சென்சார் மாட்டினார்கள். டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, ஒரு வாரம் ஓட்டி, மறுபடியும் நிறைய ஊற்றினார்கள். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் முஸ்கான் நோட்டில் வகுத்துப் பார்த்தாள்.

"பதிமூணரை! ஆனா பதினைஞ்சு வரலியே, அத்தா?"

"அதுக்கும் வயசு பதினொண்ணு ஆச்சுல்ல? பதிமூணரையே பெருசு" என்றார் அத்தா.

அன்று சாயங்காலம் வேதாசலத்திடமிருந்து போன் வந்தது. "பாய், என் வண்டி பன்னெண்டு தருது! ஒங்க காரு ஒங்களாண்டயே இருக்கட்டும்."

முஸ்கான் ஓடிப் போய்க் காரின் முன்கண்ணாடிக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். உதட்டில் தூசி ஒட்டியது. அவள் துடைக்கவே இல்லை.

கனகா இப்போதெல்லாம் சந்தனத்தை ஸ்டியரிங் நடுவில்தான் வைக்கிறார். முஸ்கானின் நட்சத்திரம் கார் கதவின் உள்பக்கம் குடியேறிவிட்டது. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அத்தா கேட்கிறார்.

"அணைஞ்சிச்சா?"

முஸ்கான் எட்டிப் பார்க்கிறாள். "அணைஞ்சிச்சு!"

அப்புறம்தான் வெள்ளைக் கார் நகர்கிறது.