விளக்குக்காரரின் குரல்

வீட்டில் எல்லோரும் என்னைப் 'பாம்புக்காது' என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறையில் யாராவது பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் மொட்டைமாடியில் இருக்கும் எனக்குக் கேட்டுவிடுமாம். உண்மைதான், கேட்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் காதுகளுக்கு நான் போடும் தீனி ஒலிப்புத்தகங்கள். பள்ளி வேனில் கேட்பேன், துணி மடிக்கும்போது கேட்பேன், பல் தேய்க்கும்போதும் கேட்பேன். கதை நன்றாக இருந்தால் மட்டும் எனக்குப் போதாது. வாசிக்கிறவரும் ஒழுங்காக வாசிக்க வேண்டும். சிலர் நாய் துரத்துவதுபோல ஓட்டமாக ஓடுகிறார்கள். ஒருவர் சோகமான இடம் வருவதற்கு முன்னாலேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறார். அப்புறம் நான் எப்போது அழுவது? இன்னொருவர் ராணி, டாக்டர், எட்டு வயதுப் பெண் எல்லோரையும் ஒரே கீச்சுக் குரலில் பேசவைக்கிறார்.

"நீ சொல்ற குறையைப் பார்த்தா, உனக்குக் கதை வாசிக்க ஆளே கிடைக்காது போலிருக்கே" என்று அம்மா சிரிப்பாள்.

கிடைத்தார். எங்கள் மாமாவே கிடைத்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவர் மைக்கில் பேச ஆரம்பித்தால், பிளாட்பாரக் கடைசியில் தூங்குகிறவர்கூட எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொள்வார். அப்படி ஒரு வெண்கலக் குரல். ஒலிப்புத்தகம் வெளியிடும் பதிப்பக அக்கா ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக மாமாவின் அறையைத் தேடிப் போய்விட்டார். ஒரு சிறுவர் நாவலை அவர் கையில் கொடுத்தார்.

"இதை வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுங்க. வெளியிடறதுக்கு முன்னாடி நூலகத்துல பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுவேன். அவங்க ஆடாம அசையாம கேட்டா அடுத்த புத்தகமும் உங்களுக்குத்தான். நெளிய ஆரம்பிச்சா, மன்னிச்சுக்குங்க."

தலைகால் புரியாத சந்தோஷத்தோடு மாமா வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுத் துணி அலமாரிக்குள் ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு சின்ன விளக்கு. தொங்குகிற துணிகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். அவர் உள்ளே உட்கார்ந்து வாசிப்பார். நான் வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன்.

கதை இதுதான். ஒரு கடலோர ஊர். அங்கே கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விளக்குக்காரர். யார் வணக்கம் சொன்னாலும் அவர் பதில் சொல்வதில்லை என்று ஊரே அவரைத் 'திமிர் பிடித்தவர்' என்று திட்டுகிறது. மாமா அவருக்கு இடி மாதிரி ஒரு குரல் கொடுத்திருந்தார். அலமாரிக் கதவே அதிர்ந்தது.

ஆனால் எனக்கு ஏதோ நெருடியது.

"மாமா, விளக்குக்காரர் 'வணக்கம், வாங்க'ன்னுதானே சொல்றார். இவ்ளோ சத்தமா சொல்லியும் ஊர்க்காரங்க ஏன் திரும்பியே பார்க்கல?"

"அவங்க காதுல பஞ்சு வெச்சிருக்காங்க போல" என்று மாமா சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். மாமா வாசித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று நின்றுவிட்டார். அலமாரிக் கதவு திறந்தது. அத்தையின் துப்பட்டா ஒன்று தலைமேல் கிடக்க, மாமா வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதக் கேளு" என்று வாசித்தார். "'விளக்குக்காரர் கத்தினார். ஆனால் பிறந்ததிலிருந்தே அவருடைய குரல் மிக மெல்லியது. இத்தனை வருடமும் அவர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாருக்கும்தான் கேட்கவில்லை.'"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா! நீங்க புத்தகத்த முழுசா படிக்காமலா வாசிச்சீங்க?"

"ஸ்டேஷன்ல கைக்கு வர்ற சீட்டை அப்படியே வாசிச்சுப் பழகிட்டேம்மா. அடுத்த சீட்டுல என்ன வரும்னு அங்க யாருக்குத் தெரியும்?" மாமா தரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "நாளைக்குச் சாயங்காலம் அனுப்பியாகணும். திங்கட்கிழமை நூலகத்துல போடுறாங்க."

பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த ரெண்டு வரிய மட்டும் விட்டுட்டா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். அந்த ரெண்டு வரிதானே மாமா கதையே! அத விட்டுட்டா அவர் நிஜமாவே திமிர் பிடிச்சவர்னு ஆயிடும். பாவம்."

மாமா மறுபடி அலமாரிக்குள் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், வாங்க" என்றார். கீச்சுக் கீச்சென்று ஒரு குரல் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாமா, இது எலி."

இன்னொரு முறை முயன்றார்.

"இது சளி பிடிச்ச எலி."

சிரித்திருக்கக்கூடாதுதான். மாமாவின் முகம் வாடிவிட்டது. "எனக்கு இருக்கறது ஒரே குரல். அதுவும் ரயிலுக்குத்தான் லாயக்கு. அந்த அக்காகிட்ட முடியலன்னு சொல்லிடறேன்" என்று வெளியே வந்து போனை எடுத்தார்.

"வேணாம் மாமா! நான் சொல்றதக் கேளுங்க!" என்று கத்தினேன்.

மாமா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். கைக்குழந்தை தூங்கும் பக்கத்து அறையைக் காட்டினார். "பாப்பா இப்பதான் கண்ணை மூடினா. மெதுவாப் பேசும்மா" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தக் குரல் கீச்சுக் குரல் இல்லை, போலிக் குரலும் இல்லை. மாமாவின் குரல்தான். ஆனால் பூ விழுவதுபோல அவ்வளவு மெதுவாக இருந்தது. அன்பும் இருந்தது. பாப்பா பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் தினமும் கேட்கிற குரல்தான். பாம்புக்காது என்று பெயர் வாங்கி என்ன பிரயோசனம், இத்தனை நாள் கவனிக்கவில்லையே!

"மாமா," என்று நானும் கிசுகிசுத்தேன், "விளக்குக்காரர் இப்படித்தான் பேசுவார்."

"எப்படி?"

"இப்போ பேசினீங்களே, அப்படி. அவர் கத்தும்போதுகூட இதே குரல்தான். உள்ளுக்குள்ள கத்தணும், வெளிய இவ்ளோதான் வரணும்."

மாமா போனைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் வீட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் அலமாரிக்குள் நுழைந்தார்.

விளக்குக்காரர் பேசுகிற இடங்களையெல்லாம் மறுபடி பதிவு செய்தோம். எந்த அத்தியாயத்தில் எந்த இடம் என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். வாசிக்கும்போது மாமாவின் ரயில்குரல் எட்டிப் பார்த்தால் கையைத் தூக்குவேன். அவர் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் நூலகத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பதிப்பக அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

விளக்குக்காரர் முதல் தடவை பேசினார்.

"கேக்கல! சத்தத்தைக் கூட்டுங்க!" என்று ஒரு பையன் கத்தினான். அக்காவின் கை ஒலிபெருக்கிப் பக்கம் போனது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"டேய், நீ பேசாம இருந்தாத்தானே கேக்கும்" என்றாள் அவன் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் "உஷ்" என்றார்கள். அக்கா கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு விளக்குக்காரர் பேசும்போதெல்லாம் பிள்ளைகள் கழுத்தை நீட்டி, முன்னால் குனிந்து கேட்டார்கள்.

கடைசி அத்தியாயம். மூடுபனி. விளக்கு அணைந்துவிட்டது. படகு ஒன்று பாறையை நோக்கி வருகிறது. விளக்குக்காரர் கத்துகிறார், அந்த மெல்லிய குரலில், திரும்பத் திரும்ப. படகில் யாருக்கும் கேட்கவில்லை.

சத்தத்தைக் கூட்டச் சொன்ன அதே பையன் எழுந்து நின்றுவிட்டான். "திருப்புங்க! படகைத் திருப்புங்க! பாறை இருக்கு!"

உடனே எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லவேண்டிய நூலகரே எழுந்து நின்று, இந்தப் பக்கம் வா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் குரல் படகோட்டியின் காதில் விழுந்து படகு தப்பித்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

பதிப்பக அக்கா பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் போகவில்லை. முன்பல் இரண்டும் இல்லாதவள். "விளக்குக்காரர் வரலையா?" என்று கேட்டாள்.

"இதோ நிக்கிறாரே" என்று அக்கா மாமாவைக் காட்டினார்.

"நான்தாம்மா!" என்றார் மாமா, சந்தோஷத்தில் ஜன்னல் அதிர.

அவள் மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். "பொய். நீங்க வேற, அவர் வேற" என்றாள். வாசல்வரை போனவள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பினாள். "அவரைப் பார்த்தீங்கன்னா, அவர் பேசினது எனக்கு நல்லாக் கேட்டுச்சுன்னு சொல்லிடுங்க."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அதனால் நான்தான் நன்றாக நிமிர்ந்து நின்றுகொண்டு, "கண்டிப்பா சொல்லிடறோம்" என்றேன்.