பதின்மூன்றாவது பதில்

அன்று காலை பத்து மணிக்கும் டெல்லி விடிந்தபாடில்லை. ஜனவரிப் பனி தெருவை மூடியிருந்தது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்த பூங்கோதைக்கு, இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கும் கட்டடமே வாசலுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

பயிற்சிக் கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. முன்பு பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்த இடம். வெள்ளையடித்துக் கணினிகளைப் போட்டிருந்தார்கள். ஆனாலும் ஈரக் காகிதத்தின் நெடி போகவில்லை. ஹீட்டரில் தூசு கருகும் வாசனை அதோடு சேர்ந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் எல்லா ஊழியர்களும் ஏ.ஐ. கற்றுக்கொள்ள வேண்டும் என்று போன வருடம் உத்தரவு வந்திருந்தது. ஒரு வாரம் பயிற்சி, வெள்ளிக்கிழமை தேர்வு. மூன்று முறை தவறினால் வடகிழக்கு மலையில் ஒரு சின்னக் கிளைக்கு மாற்றல். பூங்கோதை இரண்டு முறை தவறியிருந்தாள். அவள் கணவர் ரவிக்குமாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மலையூரில் அதற்கு வசதி இல்லை. வேலையை விட்டாலோ அலுவலகத்தின் மருத்துவ அட்டை போய்விடும்.

அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வாரம்தான்.

"வாங்க ஆன்ட்டி," என்றாள் பயிற்சியாளர் ஸ்ம்ருதி. டெல்லியின் துவாரகாவில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. "டென்ஷனே வேணாம். இந்தத் தடவை பக்கா பாஸ்."

மொத்தம் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் யாரும் உட்காரவில்லை. அங்கே ஒரு கணினியின் திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மாலையில் ஒரு சின்னக் கேள்வித்தாள் எல்லாருடைய திரையிலும் வந்தது. ஏ.ஐ.யைப் பயன்படுத்த உங்களுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை இருக்கிறது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும். விரும்பினால் ஏதாவது எழுதலாம். பெயர் வேண்டாம். பதில்கள் உடனே சுவரில் இருந்த பெரிய திரையில் தெரிந்தன.

பதின்மூன்று பதில்கள்.

"யாரோ ரெண்டு தடவை அழுத்திட்டீங்க," என்று ஸ்ம்ருதி சிரித்தாள். பிறகு கடைசிப் பதிலைப் பார்த்தாள். எண் ஒன்று. அதன் கீழே தமிழில் ஒரு வரி. "ஆன்ட்டி, இது நீங்களா? என்ன எழுதியிருக்கு?"

பூங்கோதை படித்தாள். 'நேக்குப் புரியலை. இன்னொரு தரம் சொல்லித்தரேளா?'

"நான் இல்லம்மா," என்றாள்.

அவள் விருதுநகர்க்காரி. அப்படிப் பேசத் தெரியாது. அந்த அலுவலகத்தில் அப்படிப் பேசியவர் ஒருவர்தான். நஷ்டஈட்டுப் பிரிவில் இருந்த ராமசுப்ரமணியன்.

அவர் செப்டம்பரில் இறந்துவிட்டார்.

மறுநாளும் பதின்மூன்று பதில்கள். எண் ஒன்று. 'கை நடுங்கறது.'

ஸ்ம்ருதி சிரிக்கவில்லை. கணினிப் பிரிவுக்குப் போன் செய்து, அந்தப் பதில் வந்த கடைசி வரிசைக் கணினியின் ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். ஒருவர் வந்து பிடுங்கிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பூங்கோதை போகவில்லை. ரொட்டியைப் பையிலேயே வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏ.ஐ.யிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். கேட்கப் போனால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தப்பாகக் கேட்டுவிட்டால்? அது தப்பாகச் சொன்னதை நம்பிவிட்டால்?

டக்.

பின்னால் யாரோ ஓர் எழுத்தைத் தட்டினார்கள்.

டக்... டக்.

ஒற்றை விரலால், தேடித் தேடி. புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்கள் தட்டுவது போல.

திரும்பினாள். நாற்காலி காலி. ஒயர் தரையில் கிடந்தது. திரை மட்டும் ஒளிர்ந்தது.

அதில் அவள் பெயர் இருந்தது. 'பூங்கோதை, உங்களுக்குத்தான் தெரியுமே.'

அவள் படியேறி ஓடினாள். கேன்டீனில் அவளோடு பயிற்சிக்கு வரும் பாலசுப்ரமணியம் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது அவருக்கு.

"ராமசுப்ரமணியன் சார் எங்க செத்தாருண்ணே?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார்.

"வீட்டுலன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லியிருக்காங்க. நீ அப்ப லீவுல இருந்த." குரலைத் தாழ்த்தினார். "மூணாவது தடவையும் ஃபெயில்மா. மாத்தல் ஆர்டரைக் கையில வாங்கிட்டு, ஒரு மணி நேரம் பழகிட்டுப் போறேன்னு கீழ உக்காந்திருக்காரு. மறுநாள் காலைல கூட்ட வந்தவன் பாத்திருக்கான். கீபோர்டு மேலயே கை இருந்துச்சாம். ஹார்ட் அட்டாக்."

"எந்த இடத்துல?"

"கடைசி வரிசை."

பூங்கோதைக்கு ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம் லிஃப்ட் அருகே ராமசுப்ரமணியன் அவளை நிறுத்தியது ஞாபகம் வந்தது. கையில் ஒரு நோட்டு. 'இந்த ஒரு பக்கம் மட்டும் சொல்லித்தரேளா? இந்தப் பசங்க கடகடன்னு போயிடறா.' அவளுக்கு அது தெரிந்த பாடம்தான். ஆனால் ரவிக்குமாரை மருத்துவமனையிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. 'எனக்கே தெரியாது சார்,' என்று சொல்லி லிஃப்ட்டில் ஏறிவிட்டாள். கதவு மூடும்வரை அவர் நோட்டைப் பிரித்தபடியே நின்றிருந்தார்.

வீட்டுக்குப் போய் ரவிக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ போகாத பூங்கோதை," என்றார் அவர். "பயந்து பயந்து அங்க போயி என்னத்துக்கு? பாத்துக்கலாம்."

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தேர்வு. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். அவள் முறை கடைசியாக வந்தது.

ஸ்ம்ருதி தேர்வுக் கோப்புகளைத் திறந்து வைத்தாள். ஐந்து விபத்துக் கோப்புகள். ஏ.ஐ.யிடம் கொடுத்து அறிக்கை தயாரிக்க வேண்டும். அது எங்கே தவறியிருக்கிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். "முக்கால் மணி நேரம் ஆன்ட்டி. நான் வெளியதான் இருப்பேன்," என்று கதவைச் சாத்தினாள்.

ஹீட்டர் அணைந்தது.

பூங்கோதையின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. ஒரு சொல்லும் வரவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மலையூரில் ஒரு வீட்டில், ரவிக்குமார் மூச்சுக்குத் தவிப்பது கண்ணுக்குள் வந்தது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

ஈரக் காகித நெடி கிட்டே வந்தது. அவள் தோளுக்குப் பக்கத்தில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். அந்த மூச்சில் சூடு இல்லை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் செத்துவிடுவோம் என்று தோன்றியது.

அவள் எதையும் தட்டாமலே, ஏ.ஐ. பதில் சொல்லும் இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'முதல்ல என்ன செய்யணும்?'

பூங்கோதைக்கு அழுகை வந்தது. ஓடலாம். ஓடினால் எல்லாம் முடிந்தது.

"முதல்ல," என்றாள் மெல்ல, "நமக்கு என்ன வேணுங்கறத அதுகிட்ட தெளிவா சொல்லணும் சார். நம்ம ஆபீஸ் பையன்கிட்ட சொல்ற மாதிரி. அஞ்சு கோப்பு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் விபத்து நடந்த தேதி, இடம், காரணம் எடுத்துக் கொடுன்னு." சொல்லிக்கொண்டே தட்டினாள்.

'அப்பறம்?'

"அது சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தேன்னு கேக்கணும். அந்தப் பக்கத்தை நாமளே தொறந்து கண்ணால பாக்கணும்." திறந்தாள். மூன்றாவது கோப்பில், புகார் கொடுத்த தேதியை ஏ.ஐ. விபத்து நடந்த தேதியாகப் போட்டிருந்தது. "பாத்தீங்களா, தப்பு. இதை நாம எழுதி வைக்கணும். அதுக்குத் தெரியாது சார். நமக்குத்தான் தெரியும்."

தோளருகே மூச்சு அப்படியே இருந்தது.

'இவ்வளவுதானா?'

"இவ்வளவுதான் சார்."

'அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.'

பூங்கோதை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸ்ம்ருதி கதவைத் திறந்தபோது அவள் மட்டும்தான் இருந்தாள். அறிக்கை முடிந்திருந்தது. அவளுடைய வலது தோளில் ஸ்வெட்டர் நனைந்து கிடந்தது.

அந்த வாரம் எல்லாரையும் விட அதிக மதிப்பெண் பூங்கோதைக்குத்தான். மாற்றல் இல்லை. செய்தி கேட்டு ரவிக்குமார் குழந்தை மாதிரி அழுதார்.

பத்து நாள் கழித்து இன்னொரு உத்தரவு வந்தது. பயத்தை வென்று தேறிய ஊழியர்களே இனி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். முதல் பெயர் அவளுடையது. இடம், அதே அடித்தளக் கூடம்.

வேறு அறை கேட்டு எழுதினாள். இல்லை என்றார்கள். பிறகு, என்னால் முடியாது என்று எழுதினாள். அப்படியானால் மாற்றலை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும் என்று பதில் வந்தது.

அவள் கீழே போனாள்.

ஏழு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் புதிய முகங்கள். கடைசி வரிசையை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்கள். மேசையில்லை, கணினியில்லை, வெறும் சுவர். பூங்கோதைக்கு மூச்சு சற்று லேசானது. குரல் நடுங்காமல் பாடத்தைத் தொடங்கினாள்.

பாதியில், முன்வரிசையில் இருந்த தமிழ்செல்வி கையைத் தூக்கினாள். போன வாரம்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பெண். அலுவலகத்தில் இன்னும் யாரையும் அவளுக்குத் தெரியாது.

"மேடம், பின்னாடி சுவரோரம் நிக்கிற சாருக்குக் காது கேக்கலையாம். முன்னாடி வந்து உக்காரட்டுமான்னு கேக்கறாரு."

பூங்கோதை சுவரைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை.

தமிழ்செல்வி பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புன்னகையோடு நகர்ந்து உட்கார்ந்தாள்.

நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.